ஏலியன் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு? டியூஷன் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டேன்

மஞ்சக்குப்பம் டீச்சர் எழுதியது:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மொட்டைமாடியில் கூரை போட்ட வகுப்பு. மொத்தம் 28 பேர். போன வாரம் நிகழ்தகவு பாடம் முடிந்தது. கடைசிப் பத்து நிமிடம் எப்போதும் பிள்ளைகளுடையது, என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு பையன் எழுந்து, "மிஸ், ஏலியன் இருக்க எத்தனை பர்சென்ட் வாய்ப்பு?" என்றான்.

நானும் பெரிய மேதாவி போல ட்ரேக் என்ற வானியலாளரின் சமன்பாட்டைப் பலகையில் எழுதிவிட்டேன். ஏழு எண்களைப் பெருக்க வேண்டும். பால்வீதியில் ஆண்டுக்கு எத்தனை நட்சத்திரம் பிறக்கிறது. அதில் எத்தனை பங்குக்குக் கோள் உண்டு. கோள் உள்ள நட்சத்திரம் ஒன்றுக்கு உயிர் தாங்கக்கூடிய கோள் எத்தனை. அவற்றில் எத்தனை பங்கில் உயிர் தோன்றும். அதில் எத்தனை பங்கில் அறிவு வளரும். அதில் எத்தனை பங்கு ரேடியோ மாதிரி எதையாவது வெளியே அனுப்பும். அப்படி அனுப்புவது எத்தனை ஆண்டு நீடிக்கும். எல்லாவற்றையும் பெருக்கினால், இந்த நேரத்தில் பால்வீதியில் நம் காதுக்கு எட்டக்கூடிய நாகரிகங்கள் எத்தனை என்று வரும்.

எண்களைப் பிள்ளைகளையே போடச் சொன்னேன். அங்கேதான் வினை. முதல் பெஞ்சுப் பெண்ணுக்கு 40,000 வந்தது. கடைசி பெஞ்சுப் பையனுக்கு 0.000003. இருவரும் பெருக்கலில் தப்பு செய்யவில்லை, நானே சரிபார்த்தேன். "மிஸ், ரெண்டுல எதுக்கு டிக் போடுவீங்க?" என்று கேட்கிறார்கள். மணி ஆகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இது கணக்கா, இல்லை கணக்கு வேஷம் கட்டிய ஜோசியமா? புள்ளியியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கள்கிழமை மறுபடி வகுப்பு இருக்கிறது.

---

பண்ருட்டி பலா எழுதியது:

இதுக்கு எதுக்கு டீச்சர் சமன்பாடு? பால்வீதியில் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரம். ஒரு பலாப்பழத்தில் நூறு சுளை இருந்தால் நம் கைக்கு வந்த ஒரு சுளை மட்டுமா இனிக்கும்? இவ்வளவு பெரிய பழத்தில் இன்னும் நாலு சுளையாவது இனிக்கத்தான் செய்யும். 100 சதவீதம். 40,000 போட்ட பெண்ணுக்கு டிக் போடுங்கள்.

---

ஓ.டி. துறைமுகம் எழுதியது:

டீச்சர், நான் வானியல் படித்தவன் இல்லை. கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன் இறங்குவதைக் கணக்கெடுக்கும் வேலையில் 29 வருஷம் நின்றவன். கண்ணுக்குத் தெரியாததை எண்ணுவதுதான் என் பிழைப்பாக இருந்தது, அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சமன்பாட்டின் மேல் பழி போடாதீர்கள். அது ஜோசியம் இல்லை, டீக்கடைக் கணக்கு. பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு கடைக்கு மணிக்கு 60 பேர் வருகிறார்கள், ஆளுக்குப் பத்து நிமிடம் நிற்கிறார்கள் என்றால், எப்போது எட்டிப் பார்த்தாலும் சராசரியாகப் பத்துப் பேர் கிளாசோடு நிற்பார்கள். வரும் வேகம் பெருக்கல் தங்கும் நேரம், அவ்வளவுதான். ட்ரேக் செய்தது அதுவே. முதல் ஆறும் சேர்ந்து வரும் வேகம், ஏழாவது தங்கும் நேரம். 1961-ல் அமெரிக்காவில் கிரீன் பேங்க் என்ற ஊரில் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. அதில் எதை எதைப் பேச வேண்டும் என்று அவர் போட்ட பட்டியல்தான் பிறகு சமன்பாடு என்று பெயர் வாங்கியது. விடை கண்டுபிடிக்க எழுதியதே இல்லை. அந்தக் கூட்டமே கடைசியில் 1,000 முதல் 10 கோடி வரை இருக்கலாம் என்றுதான் கலைந்தது. அதாவது ஒன்றுக்கு ஒரு லட்சம் மடங்கு இடைவெளி. உங்கள் பிள்ளைகள் அதை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், ஏழு எண்ணும் ஒரே ஜாதி இல்லை. நட்சத்திரம் பிறக்கும் வேகம் ஓரளவுக்குத் தெரியும், ஆண்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, அந்த அளவில். கோள்? 1961-ல் நம் சூரியனை விட்டால் வேறு எந்த நட்சத்திரத்துக்கும் கோள் இருப்பது தெரியாது. 1995-ல்தான் சூரியன் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் முதல் கோள் அகப்பட்டது. இன்று ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. சூரியனை மாதிரி நட்சத்திரங்களில் பாதிக்கு, தண்ணீர் தண்ணீராகவே நிற்கக்கூடிய பாறைக் கோள் உண்டு என்று எண்ணியே சொல்லிவிட்டார்கள். ஆக மூன்று எண்ணுக்குக் கணக்கு இருக்கிறது. உயிர், அறிவு, ரேடியோ, ஆயுள் என்ற நாலுக்கு நம் வாய்தான் சாட்சி.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாள் 60 படகு வந்தது. அறுபதையும் பார்க்க முடியாது, பத்துப் படகைச் சீட்டுப் போட்டு எடுத்து எடை பார்த்து, ஆறால் பெருக்குவோம். அன்றைக்கு எல்லாப் படகிலும் கிட்டத்தட்ட 150 கிலோதான் கலவை மீன். ஒரே ஒரு சுருக்குமடிக்காரர் (மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் பெரிய வலை) மட்டும் 12 டன் மத்தியோடு வந்து நிற்கிறார். அவர் என் பத்தில் விழுந்துவிட்டார். பெருக்கினேன், 80 டன். பெருமையாக எழுதி அனுப்பினேன். மேலதிகாரி தாளைத் திருப்பி அனுப்பி, "கடல்ல மீன் மிச்சம் இருக்காய்யா?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் போட்டுப் பார்த்தேன். உண்மையில் இறங்கியது சுமார் 21 டன். அந்தச் சுருக்குமடிப் படகு என் பத்தில் விழாமல் போயிருந்தால் 9 டன் என்று எழுதியிருப்பேன். விழுந்தால் 80. இப்படிப்பட்ட நாட்களைப் பல தடவை எடுத்துச் சராசரி பார்த்தால் கச்சிதமாக 21 வரும், முறையில் தப்பே கிடையாது. ஆனால் எந்த ஒரு நாளும் 21 வராது. ஒன்று 9, இல்லை 80. அன்றைக்குத்தான் எனக்குச் சராசரி என்பதன் மேல் இருந்த பக்தி போயிற்று.

ஏலியன் கணக்கிலும் இதே சுருக்குமடிதான். பிள்ளைகளிடம் இப்படிச் செய்து காட்டுங்கள். ஆளுக்கு ஆறு தடவை பூவா தலையா போடட்டும். ஆறும் நமக்குத் தெரியாத ஆறு விஷயங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை விழுந்தால் பத்தால் பெருக்கு, பூ விழுந்தால் பத்தால் வகு. ஒன்றிலிருந்து ஆரம்பம். பத்து மடங்கு தெரியாமை என்பது ரொம்ப அடக்கமான தெரியாமை. உயிர் தோன்றும் வாய்ப்பைப் பற்றி நமக்குள்ள அறியாமை அதைவிடப் பல மடங்கு பெரியது. இருந்தாலும் பத்தே போதும்.

ஆறு தடவைக்கு 64 வழி. அதில் 20 வழியில் மூன்று தலை மூன்று பூ, விடை 1. 15 வழியில் 100, இன்னொரு 15 வழியில் 0.01. ஆறு வழியில் 10,000, ஆறு வழியில் 0.0001. ஒரே வழியில் பத்து லட்சம், ஒரே வழியில் பத்து லட்சத்தில் ஒன்று. இந்த 64-க்கும் சராசரி பாருங்கள். சுமார் 16,586 வரும். "பால்வீதியில் பதினாறாயிரம் நாகரிகம்!" என்று பத்திரிகையில் தலைப்புப் போடலாம். அதே கணக்கில் பால்வீதி காலியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேளுங்கள். 0.01-க்கும் கீழும் வந்த 22 வழியும் கிட்டத்தட்டக் காலி. 1 என்று வந்த 20 வழியிலும், சராசரி ஒன்று என்றால் ஒன்றும் இல்லாமல் போக 37 சதவீதம் வாய்ப்பு உண்டு, பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுப் பாடம் படித்தவர்களுக்குத் தெரியும். எல்லாம் சேர்த்தால் 46 சதவீதம்.

ஒரே தெரியாமை, ஒரே பெருக்கல். ஒரு பக்கம் சராசரி பதினாறாயிரம், மறுபக்கம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி யாருமே இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சரி. ஆக்ஸ்ஃபோர்டில் சாண்ட்பெர்க், ட்ரெக்ஸ்லர், ஆர்ட் என்ற மூவர் 2018-ல் இதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மதிப்பு வைக்காமல், விஞ்ஞானிகளுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டின் முழு அகலத்தையும் வைத்துப் பெருக்கினார்கள். நாம் தனியாக இருப்பது ஆச்சரியமே இல்லை என்று வந்தது. 1950-ல் ஃபெர்மி என்ற இயற்பியலாளர் சாப்பாட்டு மேஜையில் ஏலியன்களைப் பற்றி "எல்லாரும் எங்கே?" என்று கேட்டதாகச் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கேள்வியின் பாதி பலம் சராசரியை நம்பியதால் வந்தது.

அடுத்து பண்ருட்டித் தம்பிக்கு. தம்பி, உங்கள் பழத்தில் எத்தனை சுளை என்று தெரியும். ஒரு சுளை இனிக்க வாய்ப்பு எவ்வளவு என்று தெரியுமா? நீங்கள் ருசி பார்த்தது ஒன்றே ஒன்று. அதைக்கூட நீங்கள் கை விட்டு எடுக்கவில்லை. இனித்த சுளைக்குள்ளேயே பிறந்த புழு நீங்கள். நானும்தான். புளித்த சுளையில் புழு பிறக்காது என்றால், பிறந்த புழு எதைக் கேட்டாலும் "எங்கள் ஊரில் எல்லாம் இனிப்பு" என்றுதான் சொல்லும். ஆயிரம் சுளையில் ஒன்று இனித்தாலும் அதே பதில், கோடியில் ஒன்று இனித்தாலும் அதே பதில். பூமி பிறந்து 450 கோடி ஆண்டு, 350 கோடி ஆண்டுக்கு முன்பே உயிர் வந்துவிட்டது, சீக்கிரம் வந்ததால் எளிதாக வரும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் சாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் மாதிரி அறிவு வர நானூறு கோடி ஆண்டு பிடிக்கும் என்றால், உயிர் சீக்கிரம் ஆரம்பித்த இடத்தில்தானே இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்க முடியும்?

கடைசியாக அந்த அமைதி. தேடியும் கிடைக்கவில்லையே என்பார்கள். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. n தடவை பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால், உண்மையான பங்கு 3/n-க்கு மேல் இருக்காது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். (பிள்ளைகள் 0.05-க்கு மடக்கை எடுத்துப் பார்க்கட்டும், மூன்று எங்கிருந்து வந்தது என்று புரியும்.) ஃபீனிக்ஸ் என்ற திட்டம் 1995 முதல் 2004 வரை சுமார் 800 நட்சத்திரங்களைக் காது கொடுத்துக் கேட்டது. ஒன்றும் இல்லை. 3/800 என்றால் 0.375 சதவீதம். 10,000 கோடியில் அது 37 கோடிக்கு மேல். அதாவது, 37 கோடி நட்சத்திரத்திலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தாலும் அந்த 800-ல் ஒன்றும் அகப்படாமல் போயிருக்கலாம். அதுவும் அவர்கள் கேட்ட அலைவரிசையில், கேட்ட நேரத்தில், கேட்கும் அளவு பலமாக அனுப்பியவர்களை மட்டும் பற்றிய பேச்சு.

இதுவரை தேடியது எவ்வளவு என்று 2018-ல் ஜேசன் ரைட் என்ற வானியலாளரின் குழு கணக்கிட்டது. தேட வேண்டியது உலகக் கடல் மொத்தமும் என்றால், தேடி முடித்தது ஏறக்குறைய 7,700 லிட்டர். நம் ஊர் தண்ணி லாரி ஒன்றுகூட நிறையாது. அந்தத் தண்ணீரில் மீன் இல்லை என்பதற்காக நான் கடலில் மீன் இல்லை என்று எழுதினால் மேலதிகாரி ஓரத்தில் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும்.

டிக் யாருக்கு என்று கேட்டீர்கள். இருவருக்கும் போடுங்கள், ஆனால் இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதச் சொல்லிப் போடுங்கள். அந்த அகலம்தான் விடை.

---

முத்தியால்பேட்டை தொலைநோக்கி எழுதியது:

துறைமுகம் ஐயா, அருமை. ஒரு இடத்தில் மட்டும் குறுக்கே வருகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. "பாதிக்கு உண்டு என்று எண்ணியே சொல்லிவிட்டார்கள்" என்றீர்கள். எண்ணிச் சொல்லவில்லை. அதுவும் உங்கள் பத்துப் படகு மாதிரிதான்.

நான் புதுச்சேரி. வீட்டு மாடியில் ஆறு அங்குலத் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். எங்கள் ஊருக்கும் இந்த விஷயத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. லெ ஜான்தீ என்ற பிரெஞ்சுக்காரர், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி போவதைப் பார்க்க 1760-ல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளி குறுக்கே போனபோது அவர் நடுக்கடலில், ஆடும் தளத்தில் நிற்கிறார். அளவெடுக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருஷம் கழித்து என்பதால் ஊர் திரும்பாமல் இந்தப் பக்கமே சுற்றி, 1768-ல் புதுச்சேரி வந்து, ஆய்வுக்கூடம் கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம். எல்லாம் முடிந்தபின் வெயில். 1771-ல் பிரான்ஸ் போனால் அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி வாரிசுகள் சொத்தைப் பங்கு போட முனைந்திருந்தார்கள். (இங்கே இருந்தபோது ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்கு கற்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் நம்மவர் முறைக்கு 41 வினாடிப் பிழை, அன்றைய ஐரோப்பிய அட்டவணைக்கு 68 வினாடி என்று அவரே குறித்து வைத்தார். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

மேகம் மறைத்ததால் வெள்ளி போகவில்லை என்று ஆகாது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நாசாவின் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 2009-லிருந்து செய்ததும் லெ ஜான்தீ வேலைதான். கோள் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் துளி மங்கும், அதைப் பிடிப்பது. ஆனால் நம் கண்ணும் அந்தக் கோளின் பாதையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அது குறுக்கே போவது தெரியும். பூமி மாதிரி தூரத்தில், சூரியன் மாதிரி நட்சத்திரம் என்றால் அதற்கு வாய்ப்பு 215-ல் ஒன்று. ஆக ஒன்று தெரிந்தால் பின்னால் 214 ஒளிந்திருக்கிறது என்று பெருக்குகிறோம். ஐயாவின் ஆறு இங்கே 215. அதுவும் ஒரு வருஷத்துக்கு ஒருமுறைதான் குறுக்கே வரும், மூன்று தடவையாவது பார்க்க வேண்டும். நாலு வருஷத்தில் 2013-ல் தொலைநோக்கியைத் திருப்பி நிறுத்தும் சக்கரங்களில் இரண்டாவதும் பழுதாகிவிட்டது. அதனால் பூமி மாதிரிக் கோள்கள் கைக்கு வந்தவை மிகக் கொஞ்சம், மீதியைச் சிறிய சுற்றுப்பாதைக் கோள்களிலிருந்து நீட்டிக் கணக்கிட்டார்கள். பாதி என்பது மையம். மிகக் கஞ்சத்தனமாகப் பிடித்தால் 7 சதவீதம். அப்படியும் பால்வீதியில் 30 கோடி கோள் வரும், அது போதும். ஆனால் பாதி வேறு, ஏழு வேறு.

ஆயுள் பற்றி ஐயா அதிகம் பேசவில்லை, எனக்கு அதுதான் பெரிய எண். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆற்றங்கரையில் இருக்கும் பழைய வணிகத் துறைமுகமான அரிக்கமேடு போவேன். 1945-ல் வீலர் என்ற தொல்லியலாளர் தோண்டியபோது அங்கே ரோமானிய மட்கலங்கள் கிடைத்தன. அதே ஆற்றங்கரையில் ஒரு வணிகர் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் நின்றிருக்கிறார், இப்போது நான் நிற்கிறேன். ஒரே இடம்தான், ஆனாலும் பேசிக்கொள்ள முடியாது. நாம் ரேடியோ அனுப்ப ஆரம்பித்து நூறு வருஷம் சொச்சம். பால்வீதிக்கு ஆயிரம் கோடிக்கு மேல். டீக்கடையில் ஆள் அரை நொடிதான் நிற்பார் என்றால், நாள் முழுக்கக் கூட்டம் வந்தாலும் எட்டிப் பார்க்கும்போது கடை காலியாகத்தான் தெரியும்.

அதனால்தான் ஃபிராங்க், சல்லிவன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 2016-ல் கேள்வியையே மாற்றினார்கள். "இப்போது யார் இருக்கிறார்கள்" என்பதை விட்டுவிட்டு "எப்போதாவது யாராவது இருந்தார்களா" என்று கேட்டார்கள். ஆயுள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதும் எடுத்தால், உயிர் தாங்கும் கோள் ஒன்றில் நாகரிகம் வர வாய்ப்பு, ஒன்றுக்குப் பின் 22 சுழியம் போட்ட எண்ணில் ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே நாம்தான் முதல் ஆள். எனக்கு அது நம்பிக்கை தருகிறது.

---

ஓ.டி. துறைமுகம் எழுதியது:

தொலைநோக்கி அம்மா, பாதி விஷயத்தில் குட்டு வாங்கிக்கொள்கிறேன். மீன்காரனே மாதிரியை முழுக்கணக்கு என்று சொல்லிவிட்டேன், வெட்கம்.

22 சுழியம் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது பெரிய எண்ணாக இருப்பதால் அதைவிட அரிதாக எதுவும் இருக்காது என்று மனசு சொல்கிறது. வேதியியல் நம் மனசைக் கேட்டு நடப்பதில்லை. ஒரு மூலக்கூறு தன்னைத்தானே நகல் எடுக்க இத்தனை துண்டுகள் சரியாகச் சேர வேண்டும் என்றால் 22 சுழியம் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அந்த எண் எல்லைக்கல்லை நட்டிருக்கிறது. நாம் கல்லுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

---

மஞ்சக்குப்பம் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திங்கள்கிழமை வகுப்பு முடிந்தது, நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

ஒரு ரூபாய் நாணயம் எல்லோரும் கொண்டு வரச் சொன்னேன். தலை எது என்பதிலேயே கால் மணி நேரம் போயிற்று, இப்போது வரும் காசில் தலையே கிடையாதாம். சிங்கம் இருக்கும் பக்கம் தலை என்று தீர்ப்புச் சொன்னேன். 28 பேர், ஆளுக்கு ஆறு தடவை. பலகையில் எழுதிய கணக்கு இது: 10,000 வந்தவர்கள் 3 பேர், 100 வந்தவர்கள் 7 பேர், 1 வந்தவர்கள் 9 பேர், 0.01 வந்தவர்கள் 6 பேர், 0.0001 வந்தவர்கள் 3 பேர். ஆறும் தலையோ ஆறும் பூவோ யாருக்கும் விழவில்லை.

சராசரி போடச் சொன்னேன். 1,097 வந்தது. ஒரு பெண் உடனே, "மிஸ், 1,097 யாருக்குமே வரலையே, பக்கத்துல கூட யாரும் இல்ல, அப்புறம் அது எப்படி எங்க ஆவரேஜ்?" என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கப் பாடப்புத்தகத்தோடு பல வருஷம் போராடியிருக்கிறேன். துறைமுகம் ஐயாவின் 9 டன், 80 டன் கதையைச் சொன்னேன். மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் பின்னால் இருந்து, "சுருக்குமடி வந்தா எல்லாக் கணக்கும் போயிடும் மிஸ்" என்றான். வகுப்பே சிரித்தது.

இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், 1. காலிப் பால்வீதி எத்தனை என்றும் பார்த்தோம். பாய்சான் பிசினஸ் மேத்ஸ் பிள்ளைகளுக்கு மட்டும்தான் உண்டு, அவர்களே பலகைக்கு வந்து போட்டார்கள். 28-ல் சுமார் 12 பேருடைய பால்வீதி காலி. ஐயா சொன்ன 46 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான்.

இரண்டு சந்தேகம் மட்டும் மிச்சம். எங்கள் சராசரி ஏன் 16,586-க்கு அவ்வளவு கீழே? அப்புறம், அந்த 0.000003 பையன் கேட்டான்: யாருக்காவது பத்து லட்சம் விழுந்திருந்தால், அத்தனை பேர் இருக்கும் பால்வீதியில் இந்நேரம் சத்தம் கேட்டிருக்குமே, அப்படியானால் பத்து லட்சத்தை இப்போதே அடித்துவிடலாமே?

---

ஓ.டி. துறைமுகம் எழுதியது:

முதல் சந்தேகத்துக்குச் சுருக்குமடிதான் பதில். 16,586-ல் 15,625 வருவது அந்த ஒரே வழியிலிருந்து, ஆறும் தலை விழுவதிலிருந்து. உங்கள் 28 பேரில் அது யாருக்கும் விழவில்லை, அதனால் மேலிருந்து பெரிய துண்டு போய்விட்டது. ஒரே ஒரு பிள்ளைக்கு விழுந்திருந்தால் வகுப்பின் சராசரி முப்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும். ஒரு பிள்ளையின் ஒரு காசு.

இரண்டாவது கேள்வி கேட்ட பையனை நான் பார்க்க வேண்டும். வழி சரியாகத்தான் யோசித்திருக்கிறான். கேட்ட அமைதியை வைத்து முதல் பட்டியலில் எதை அடிக்கலாம் என்று பார்ப்பதுதான் பேய்ஸ் முறை. ஆனால் அடிக்க முடியாது. 10,000 கோடி நட்சத்திரத்தில் பத்து லட்சம் என்றால் லட்சத்தில் ஒன்று. ஃபீனிக்ஸ் கேட்டது 800. அத்தனை பேரும் சத்தமாக அனுப்பினாலும் அந்த 800-ல் ஒன்று அகப்பட 0.8 சதவீதம்தான் வாய்ப்பு. நூறில் 99 தடவை பத்து லட்சம் நாகரிகம் இருந்தும் நாம் அமைதியைத்தான் கேட்டிருப்போம். பேனாவை மூடி வைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு, அவர்கள் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பரவி இங்கேயே வந்து நிற்பவர்கள் என்றால் அடிக்கலாம், வரவில்லை அல்லவா. வீட்டிலேயே உட்கார்ந்து பேசுகிறவர்கள் என்றால் அடிக்க முடியாது. எந்த வகை என்பதும் பூவா தலையாதான்.

முடிந்தால் இன்னொரு பேட்ச் பிள்ளைகளையும் சேர்த்து நூறு பேராக்கிப் பாருங்கள். ஆறு தலை ஒன்றாவது விழும், பெரும்பாலும்.

---

மஞ்சக்குப்பம் டீச்சர் எழுதியது:

சனிக்கிழமை இரண்டு பேட்சும் சேர்ந்து வருகிறது, 61 பேர்தான். ஆளுக்கு இரண்டு தடவை போட வைக்கிறேன். ஒரு ரூபாய்க் காசுக்குத்தான் பஞ்சம், எங்கள் தெருக் கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கிறார்கள்.

---

பண்ருட்டி பலா எழுதியது:

நான் புழு என்று ஒத்துக்கொண்டேன். எங்கள் கடைக் கல்லாவில் ஒரு டப்பா நிறைய ஒரு ரூபாய் கிடக்கிறது, சனிக்கிழமை காலை கடலூர் வரும் வண்டியில் கொடுத்து அனுப்புகிறேன். எண்ணித் திருப்பிக் கொடுங்கள் டீச்சர், சராசரி போட்டுக் கொடுக்க வேண்டாம்.